டிஜே பெட்டிக்குள் எந்த ஃபைல்? பாட்டின் தரமும் வாங்கும் இடமும்: கேள்வி பதில்

டிஜே வேலைக்கு எந்த ஃபைல் நல்லது, பாட்டை எங்கே காசு கொடுத்து வாங்குவது என்று வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, யூடியூப் பாட்டை 320 கேபிபிஎஸ் எம்பி3யா இறக்கித் தர்ற தளங்கள் இருக்கே. கடையிலயும் அதே 320 தானே? எதுக்குக் காசு?

320 என்பது ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு என்கிற கணக்கு மட்டும்தான் தம்பி, தரச் சான்றிதழ் இல்லை. யூடியூப் பொதுவாகத் தருவது 128 கேபிபிஎஸ் ஏஏசி, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலான ஓபஸ். இரண்டும் எம்பி3 மாதிரியே ஒலியைச் சுருக்கும் முறைகள். அதை அந்தத் தளம் 320க்கு மாற்றினால் ஃபைல் பெரிதாகும், அவ்வளவுதான். முதலில் சுருக்கியபோது தூக்கிப்போட்ட ஒலி திரும்பாது. கறந்த பால் மடி ஏறுமா? போதாக்குறைக்கு இரண்டாவது தடவை சுருக்கியதில் இன்னும் கொஞ்சம் போயிருக்கும். கடையில் விற்கும் 320, கம்பெனி கொடுத்த முழு ஃபைலிலிருந்து ஒரே தடவை சுருக்கியது. நான் எண்ணைப் பார்ப்பதைவிட, ஃபைல் யார் கையிலிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கோவையிலிருந்து: சார், மண்டபத்துல எம்பி3க்கும் வேவுக்கும் வித்தியாசம் தெரியுமா? எனக்கு எம்பி3ல பேஸ் குறையுற மாதிரி இருக்கு.

வேவ் என்பது சுருக்காத ஃபைல். ஆனாலும் பேஸ் குறைவதற்கு எம்பி3 காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சுருக்கும்போது அடி வாங்குவது பெரும்பாலும் மேல் ஒலிகளும் சட்டென்று விழும் அடிகளும்தான். பேஸ் இல்லையென்றால் சப்வூஃபர் கிராஸ்ஓவரை (பேஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் அமைப்பை) பாருங்கள், ஒரு ஸ்பீக்கர் வயர் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுருக்கியதால் வந்த கேட்டைக் காதால் பிடிக்க வேண்டுமானால் தவில் வாசிப்பைக் கேளுங்கள். 128 கேபிபிஎஸ் ஃபைலில் அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே ‘ஸ்ஸ்’ என்று ஒரு தூசு சத்தம் வரும், அடியின் முனை மழுங்கிவிடும். ஜால்ராவும் சலங்கையும் தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலக் குழையும். நல்ல 320இல் இதெல்லாம் அநேகமாகத் தெரியாது. ஜனம் ஆடிக்கொண்டிருக்கும் ஹாலில் அதையும் வேவையும் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர்.

அப்படியும் நான் வேவ் தரத்தில் வாங்குவதற்குக் காரணம் வேறு. இப்போது மென்பொருளிலேயே குரலைத் தனியாக, தாளத்தைத் தனியாகப் பிரிக்கிறோம். சுருதி மாறாமல் வேகத்தைக் கூட்டுகிறோம். சுருக்கிய ஃபைலை இப்படிப் பிரித்தால், இழுத்தால், ஒளிந்திருந்த கேடெல்லாம் வெளியே வரும். ஆறு நிமிடப் பாட்டு 320 எம்பி3இல் சுமார் 14 எம்பி, சிடி தர வேவில் சுமார் 63 எம்பி. இன்றைய பென்டிரைவுக்கு அது ஒரு பாரமே இல்லை.

திருச்சியிலிருந்து: கைக்கு வந்த ஃபைல் அசலா போலியான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஸ்பெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபைலை இழுத்துப் போட்டால் ஒலியின் அதிர்வெண் படம் வரும். 128 எம்பி3யிலிருந்து ஊதிப் பெருக்கியதாக இருந்தால், பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டினது போல நேர்கோடு, அதற்கு மேல் வெறும் கறுப்பு. நல்ல 320இல் அந்தக் கோடு 20ஐ ஒட்டி இருக்கும்.

ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓபஸிலிருந்து வந்தது 20 வரை நிரம்பித் தெரியும், ஆனாலும் அசல் இல்லை. பழைய டேப் பதிவில் மேல் ஒலியே கம்மியாக இருக்கும், ஆனாலும் அசல்தான். நேராக வெட்டிய கோடு சந்தேகத்துக்குரியது, மெல்லத் தேய்ந்து மறைவது இயல்பு.

பெங்களூரு கிளப்பில் வாசிக்கும் ஒருவர்: ப்ரோ, டெக்னோ, ஹவுஸ் எல்லாம் எங்கே வாங்குறீங்க?

முதல் இடம் எனக்கு பேண்ட்கேம்ப் தளம். பாட்டை விற்பவர் சுருக்காத ஃபைலைத்தான் ஏற்ற வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு தடவை வாங்கினால் எம்பி3, ஃப்ளாக், வேவ், ஏஐஎஃப்எஃப் என்று எதில் வேண்டுமானாலும் இறக்கலாம், தனிக் காசு இல்லை. (ஃப்ளாக் தரம் குறையாமல் சுருக்கியது, ஏஐஎஃப்எஃப் வேவ் மாதிரியே சுருக்காதது.) டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது பொதுவாக 15 சதவீதம், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம். மிச்சம் பாட்டுக்காரருக்கோ அதை வெளியிடும் லேபிளுக்கோ. 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. நான் கூடையில் சேர்த்து வைத்து அந்த நாளில் வாங்குவேன். நாம் மேடையில் சம்பாதிப்பது அவர்கள் செய்த பாட்டை வைத்து, அதனால் இது எனக்கு முக்கியம்.

பீட்போர்ட் 2004இலிருந்து டிஜேக்களுக்கென்றே நடக்கும் கடை. பாட்டின் வேகம், சுருதி, லேபிள் என்று தேடும் வசதி அருமை. அடிப்படை விலையில் 320 எம்பி3, வேவ் அல்லது ஏஐஎஃப்எஃப் வேண்டுமென்றால் கூடுதல் காசு. ஹவுஸுக்கு டிராக்ஸ்சோர்ஸில் பொறுக்கி எடுத்து வைத்திருப்பார்கள். டிரம் அண்ட் பேஸ், டப், ரெகே தேடினால் லண்டனின் ஜூனோ டவுன்லோட்.

இந்திய கார்டில் காசு போகவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். முதலில் வங்கி ஆப்பில் ‘சர்வதேசப் பரிவர்த்தனை’ திறந்திருக்கிறதா பாருங்கள். பல கார்டுகளில் அது மூடியேதான் வரும்.

சென்னையிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, அதெல்லாம் சரி, தமிழ் சினிமாப் பாட்டு? நான் கல்யாண ரிசப்ஷன்தான் அதிகம் பண்றேன்.

நமக்கு உண்மையான தலைவலி இங்கேதான் அம்மா. ஜியோசாவன், கானா இரண்டும் கேட்கிற சேவைகள். அவற்றில் ‘டவுன்லோட்’ செய்தது அந்த ஆப்புக்குள்தான் ஓடும், டிஜே மென்பொருளுக்கு வராது. ஃபைலாகவே வாங்க எனக்குக் கைகொடுப்பது ஐடியூன்ஸ் ஸ்டோர். இந்தியாவில் 2012 டிசம்பரில் வந்தது. ஐபோன் தேவையில்லை, விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸ் போட்டால் போதும். கிடைப்பது காப்பித் தடுப்புப் பூட்டு இல்லாத 256 கேபிபிஎஸ் ஏஏசி. அது எம்பி3 இல்லையே என்று தயங்க வேண்டாம், 320 எம்பி3க்குச் சளைத்ததில்லை. அதை எம்பி3யாக மாற்ற மட்டும் செய்யாதே. ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்குவது வேறு, அது பூட்டோடு வரும்.

80களின் இளையராஜா பாட்டு என்றால் பழைய சிடி தேடு. ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் மாதிரிக் கம்பெனிகள் வெளியிட்ட தட்டுகள் பழைய பொருள் விற்பவர்களிடம் இன்னும் சுற்றுகின்றன. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் ஃப்ளாக்காக எடுத்து வைத்துக்கொள். தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்து ‘24 பிட்’ என்று பெயர் ஒட்டிப் பரப்பும் ஃபைல்களைவிட, சாதாரண 16 பிட் சிடி எத்தனையோ மேல்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணா, வேவ் பாட்டு லேப்டாப்பில வேலை செய்யுது, ஹாலில இருக்கிற சிடிஜேயில E-8305 எண்டு வருது. ஏன்?

சிடிஜே என்பது பென்டிரைவ் செருகிப் பாட்டு ஓட்டும் டிஜே மெஷின். அந்த மெஷினுக்கு ஃபைலின் வகை புரியவில்லை என்று பொருள். 24 பிட் வேவ்களில் சிலவற்றின் தொடக்கத் தகவல் பகுதி (ஹெடர்) வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும், பழைய சிடிஜேக்கள் அதை ஏற்காது. ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஏஐஎஃப்எஃப் ஆகச் சேமித்தால் தீர்ந்தது. ஏஐஎஃப்எஃப் இன்னொரு விதத்திலும் வசதி: பாடகர் பெயர், அட்டைப்படம் எல்லாம் ஒழுங்காக ஒட்டிக்கொள்ளும், வேவில் அடிக்கடி காணாமல் போகும். ஃப்ளாக்கை 2016இல் வந்த சிடிஜே-2000 நெக்ஸஸ் 2 வாசிக்கும், அதற்கு முந்தைய நெக்ஸஸ் வாசிக்காது. என்ன மெஷின் இருக்கும் என்று தெரியாத இடத்துக்கு ஏஐஎஃப்எஃப் ஃபைலாக எடுத்துப் போங்கள், பென்டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து: மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கடைசி நிமிஷத்துல வாட்ஸ்அப்ல பாட்டு அனுப்புறாங்க. என்ன பண்றது?

முன்பணம் வாங்கும்போதே பாட்டுப் பட்டியலைக் கேட்டுவிடுங்கள். அவர்கள் தர வேண்டியது பாட்டின் பெயர் மட்டும், வாங்குவது நம் வேலை. அப்படியும் வந்துவிட்டால் போட்டுத்தானே ஆக வேண்டும். டிரெபிளை ஏற்றாதீர்கள், கரகரப்பு அங்கேதான் இருக்கிறது. வேகத்தை மாற்றாமல் விடுங்கள். சத்தம் கம்மியாக இருந்தால் மிக்ஸரின் டிரிம் குமிழில் கூட்டுங்கள், மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது.

வேலூரிலிருந்து: காசு கொடுத்து வாங்கிட்டா எங்க வேணா போடலாமா?

இல்லை. வாங்கியது ஃபைல், பொது இடத்தில் போடும் உரிமை தனி. கிளப், ஹோட்டல் என்றால் பிபிஎல், ஐபிஆர்எஸ் போன்ற இசை உரிமை அமைப்புகளின் உரிமம் வேண்டும், அதை நடத்துபவர் எடுக்கட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கல்யாணத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(za) பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் அது எதுவரை செல்லும் என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன.

கோலாலம்பூரிலிருந்து: எல்லாம் ஸ்ட்ரீமிங்ல வந்த பிறகு ஃபைல் வாங்கணுமா அண்ணே?

புதுப் பாட்டு கேட்டுப் பார்க்க ஸ்ட்ரீமிங் நல்லது, நானும் வைத்திருக்கிறேன். அதை நம்பி மேடை ஏற மாட்டேன். ஸ்பாட்டிஃபை 2020 ஜூலையில் டிஜே மென்பொருள்களிலிருந்து விலகியது, 2025இல்தான் திரும்பி வந்தது. இடையில் அதில் பட்டியல் போட்டு வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் முதலிலிருந்து அடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் மண்டபத்து வைஃபை பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதம் பத்துப் பாட்டு வாங்கினாலும் போதும். வாங்கிய அன்றே இரண்டு டிஸ்கில் போடுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று பெட்டியில்.