பூஸ்ட்டின் கடிவாளம் யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, மேனுவல் கியர். சென்ற ஆண்டு ஈசியூ ரீமேப், அதாவது இன்ஜினை ஆளும் கணினியின் கணக்குகளை மாற்றி எழுதுவது, செய்துகொண்டேன். மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரின் முள் சட்டென்று மேலே போய் இறங்குகிறது. சில நேரம் இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி இழுவையை இழந்துவிடுகிறது. ஜே.சி. ரோட்டில் ஒருவர் சில ஆயிரம் ரூபாயில் மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் டேஷ்போர்டில் பொருத்தும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலரைப் பரிந்துரைக்கிறார். அதன் விலை பல மடங்கு அதிகம். எதை வாங்குவது? மேலும், பெங்களூரில் 1.1 பார் காட்டும் மீட்டர் சென்னைக்குப் போனால் 1.0 பார்தான் காட்டுகிறது. அங்கே பூஸ்ட் குறைகிறதா?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். உங்கள் காரில் நல்ல எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் ஒன்று தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்திருக்கிறது. எரிபொருளின் அளவையும் தீப்பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் எது முடிவு செய்கிறதோ, பூஸ்ட்டையும் அதுவேதான் முடிவு செய்ய வேண்டும் என்பது இத்தனை ஆண்டுகளில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கொள்கை. ஒரே இன்ஜினுக்கு இரண்டு எஜமானர்களை வைத்தால் அவர்களுக்குள் நடக்கும் சண்டையில் அடிபடுவது பிஸ்டன்தான்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டர்போவில், இன்ஜினின் புகையால் சுழலும் டர்பைன் ஒரு கம்ப்ரசரை இயக்கி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அதன் வெப்பப் பக்கத்தில் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு இருக்கிறது. அது திறந்தால் புகையின் ஒரு பகுதி டர்பைனைச் சுற்றாமல் வெளியேறிவிடும். பூஸ்ட் அதற்கு மேல் ஏறாது. அந்தக் கதவை ஆக்சுவேட்டருக்குள் உள்ள ஒரு ஸ்பிரிங் மூடி வைத்திருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து ஒரு சிறு ஹோஸ் வழியாக வரும் காற்றழுத்தம் ஆக்சுவேட்டரின் சவ்வைத் தள்ளி அதைத் திறக்கிறது. உங்கள் காரில் இந்த ஹோஸின் நடுவே என்75 என்று மெக்கானிக்குகள் சொல்லும், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு உட்கார்ந்திருக்கிறது. ஈசியூ அதை வினாடிக்குப் பல முறை திறந்து மூடி, ஆக்சுவேட்டருக்குச் செல்லும் அழுத்தத்தின் ஒரு பகுதியை இன்டேக் பக்கம் திருப்பிவிடுகிறது. ஆக்சுவேட்டர் உணரும் அழுத்தம் குறையக் குறைய வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் கூடும். மின்சாரம் நின்றுபோனால் ஸ்பிரிங்கின் அளவுக்கு மட்டுமே பூஸ்ட் வரும். இது பாதுகாப்பான பக்கம் சாயும் அமைப்பு. எந்தக் கன்ட்ரோலராலும் ஸ்பிரிங் அழுத்தத்துக்குக் கீழே பூஸ்ட்டைக் கொண்டுவர முடியாது என்பதையும் இங்கேயே மனத்தில் கொள்ளுங்கள்.

உங்கள் இன்ஜினின் ஈசியூ, இன்ஜினின் சுழல்விசையான டார்க்கை அடிப்படையாகக் கொண்டு இயங்குவது. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எவ்வளவு டார்க் வேண்டும் என்பதை அது முதலில் கணக்கிட்டு, அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றுக்கு எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று படிப்படியாக இறங்கி வருகிறது. கேட்ட பூஸ்ட்டையும் கிடைத்த பூஸ்ட்டையும் இடைவிடாமல் ஒப்பிடுகிறது. கிடைத்தது தொடர்ந்து அதிகமாக இருந்தால் சோலனாய்டின் டியூட்டியை, அதாவது அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கை, குறைக்கிறது; அப்போதும் அடங்காவிட்டால் இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலை மூடுகிறது, பி0234 என்ற ஓவர்பூஸ்ட் கோளாறுக் குறியீட்டைப் பதிவு செய்கிறது, சக்தியை வெட்டுகிறது. நீங்கள் விவரிக்கும் அனுபவம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். குறியீடு பி0299 என்று வந்தால் கதை நேர் எதிரானது: கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை, எங்கோ கசிகிறது. ஆகவே வேறு எதையும் தொடுவதற்கு முன் ஓபிடி ஸ்கேனரில் குறியீட்டைப் படியுங்கள்.

இப்படிப்பட்ட ஒரு ஒழுங்குக்குள் மேனுவல் வால்வைச் செருகினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மேனுவல் கன்ட்ரோலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றில் கொஞ்சத்தை எப்போதும் கசியவிடும் பிளீட் வால்வு. இன்னொன்று, ஸ்பிரிங்கும் குண்டும் கொண்டு, நிர்ணயித்த அழுத்தம் வரும்வரை ஆக்சுவேட்டருக்குக் காற்றையே விடாத வகை. பின்னதில் டர்போ விரைவாக விழித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டுமே ஈசியூவுக்குத் தெரியாமல் ஆக்சுவேட்டரை ஏமாற்றுபவை. ஈசியூ டியூட்டியைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் பூஸ்ட் இறங்காது. அதன் கையில் மிஞ்சுவது த்ராட்டில் ஒன்றுதான். மேலும், இந்த வால்வுகளுக்கு இன்டேக் காற்றின் வெப்பமோ, எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் சத்தமோ, எந்தக் கியரில் போகிறோம் என்பதோ தெரியாது. வெயிலில் நெரிசலில் நின்று, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கொதித்துப்போன வண்டிக்கும், விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பிய வண்டிக்கும் அவை ஒரே பூஸ்ட்டைத்தான் கொடுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு டர்போ கார் இழுத்துக்கொண்டு வரப்பட்டது. உரிமையாளர் தாமே மேனுவல் வால்வு பொருத்தி, அதன் திருகை ஒவ்வொரு வாரமும் அரைச் சுற்று ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். வண்டி மாதக்கணக்கில் நன்றாகவே ஓடியிருக்கிறது. ஒருநாள் சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு ஓசூர் பக்கம் ஏறும்போது மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில், இரு ரிங்குகளுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைந்துவிட்டது. அந்த இளைஞர் தம் சேமிப்பையெல்லாம் இன்ஜின் வேலைக்குக் கொட்டியதைப் பார்த்த எனக்கு, அந்தச் சிறு பித்தளை வால்வை யாருக்கும் பரிந்துரைக்க மனம் வருவதில்லை. பூஸ்ட்டை ஈசியூ கட்டுப்படுத்தாத பழைய தலைமுறைக் காராக இருந்து, எரிபொருளும் டைமிங்கும் அந்தப் பூஸ்ட்டுக்கென்றே டியூன் செய்யப்பட்டிருந்தால் மட்டும் அதற்கு ஓர் இடம் உண்டு.

கிரெடி, ஹெச்கேஎஸ், டர்போஸ்மார்ட் போன்ற நிறுவனங்களின் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர்கள் தரமானவையே. அவற்றுக்கென ஒரு சோலனாய்டும் பிரஷர் சென்சாரும் இருக்கும். சிலவற்றில் கியருக்கு ஒன்று, ஆர்.பி.எம்முக்கு ஒன்று என்று பூஸ்ட்டை வகுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் காரில் அவை செய்யக்கூடிய எல்லாவற்றையும் ஈசியூ ஏற்கெனவே செய்கிறது. அந்தப் பணத்தை, காரை உருளைகளின் மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவில் செலவிடும் நேரத்துக்கும் நல்ல டியூனருக்கும் கொடுப்பது மேல்.

இனி சென்னை விவகாரம். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். மீட்டரைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்காத விஷயம் இது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 0.91 பார், சென்னையில் 1.01 பார். உங்கள் மீட்டர் காட்டுவது சுற்றுப்புறக் காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. பெங்களூரில் 1.1 உடன் 0.91ஐக் கூட்டினால் 2.01. சென்னையில் 1.0 உடன் 1.01ஐக் கூட்டினாலும் 2.01. உங்கள் ஈசியூ குறிவைப்பது இந்த முழு அழுத்தத்தைத்தான். ஆகவே இன்ஜினுக்குள் போகும் அழுத்தம் இரண்டு ஊரிலும் ஒன்றே. குறையேதும் இல்லை.

ஆனால் டர்போ படும் பாடு ஒன்றல்ல. சென்னையில் கம்ப்ரசர் காற்றை ஏறத்தாழ இரண்டு மடங்காக அழுத்தினால் போதும், இங்கே 2.2 மடங்கு அழுத்த வேண்டும். உள்ளே வரும் காற்று 30 டிகிரி, கம்ப்ரசரின் செயல்திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், சென்னையில் கம்ப்ரசரை விட்டு வெளிவரும் காற்று சுமார் 124 டிகிரியிலும் இங்கே சுமார் 140 டிகிரியிலும் இருக்கும். நம் ஊரின் இதமான வெப்பநிலை இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்றாலும், டர்போ இங்கே அதிக வேகத்தில் சுழல்வது மாறாது. கடல் மட்டத்தில் இருக்கும் ஊருக்காக எழுதப்பட்ட ஆயத்த மேப்பை (ஈசியூவில் ஏற்றும் கணக்கு அட்டவணையை) அப்படியே பெங்களூரில் ஏற்றினால், சிறிய டர்போ தன் எல்லைக்கு வெளியே தள்ளப்படுவது இதனால்தான். உங்கள் டியூனரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மேப் எந்த ஊரின் காற்றில் டியூன் செய்யப்பட்டது, வளிமண்டல அழுத்தத்துக்கேற்ற திருத்தம் அதில் இருக்கிறதா என்பதே. இன்னொரு சாத்தியமும் உண்டு. இங்கே குறியை எட்டுவதற்காக அடிப்படை டியூட்டியைத் தாராளமாக ஏற்றி எழுதியிருந்தால், முதல் பாய்ச்சலில் பூஸ்ட் குறியைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் கட்டுக்குள் வரும். முள் சட்டென்று ஏறி இறங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மேப்பைக் குறை சொல்வதற்கு முன் இரும்பையும் ரப்பரையும் பார்த்துவிட வேண்டும். பத்து ஆண்டுகளைத் தாண்டிய காரில் முதல் சந்தேகம் அந்தச் சிறு ஹோஸ்களின் மேல்தான் விழ வேண்டும். கம்ப்ரசரிலிருந்து என்75க்கும், அதிலிருந்து ஆக்சுவேட்டருக்கும் போகும் ஹோஸ் வெடித்திருந்தாலோ கழன்றிருந்தாலோ ஆக்சுவேட்டருக்குக் காற்றே போகாது, வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் தன் இஷ்டத்துக்கு ஏறும். சில நூறு ரூபாய் ஹோஸ் ஒன்று இன்ஜினையே காவு வாங்கும் இடம் இது. அவற்றை வெப்பம் தாங்கும் நல்ல ஹோஸாக மாற்றி, இருபுறமும் கிளாம்ப் போடுங்கள். நீளத்தைக் கூட்டாதீர்கள், ஏனெனில் ஹோஸ் நீள நீளக் கட்டுப்பாடு தாமதமாகும்.

அடுத்து, கைப்பம்பும் ஒரு மீட்டரும் கொண்டு ஆக்சுவேட்டருக்கு நேரடியாக அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். தண்டு எந்த அழுத்தத்தில் அசையத் தொடங்குகிறது, அழுத்தம் அப்படியே நிற்கிறதா, தண்டு தடங்கலின்றி முழுவதும் நகர்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேஸ்ட்கேட்டின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்தோ கரி பிடித்தோ திக்கினால் எந்த மேப்பும் அதைச் சமாளிக்க முடியாது. பிறகு, ஆக்சிலரேட்டரை விடும்போது மிஞ்சும் அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு. இந்த இன்ஜின் குடும்பத்தின் ஆரம்ப கால டைவர்ட்டர் வால்வில் ரப்பர் சவ்வு இருந்தது. பின்னாளில் அது பிஸ்டன் அமைப்புக்கு மாற்றப்பட்டது. சவ்வு கிழிந்த வால்வு பூஸ்ட்டைக் கசியவிடும். ஈசியூ அதை ஈடுகட்ட டியூட்டியை ஏற்றும். அழுத்தம் தாறுமாறாக ஆடும். பழியெல்லாம் பூஸ்ட் கன்ட்ரோல் மேல் விழும். கடைசியாக என்75. சந்தேகம் இருந்தால் அசல் பாகத்தையே வாங்குங்கள். மலிவான நகல்களில் டியூட்டிக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு மாறிப்போவதால் மேப்பின் கணக்கு அத்தனையும் பிசகும்.

இதெல்லாம் சரியான பிறகு டைனோவில் மூன்றாம் கியரில் 2,000 முதல் 6,000 ஆர்.பி.எம் வரை ஒரு லாக் (ஈசியூவின் அளவீடுகளின் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். இதற்குப் பொதுச்சாலை ஏற்ற இடமல்ல. நைஸ் ரோட்டில் அதிகாலையில் ஆளில்லை என்பது சமாதானம் ஆகாது. கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், டியூட்டி, இன்டேக் வெப்பம், நாக்கிங்கைத் தவிர்க்க ஒவ்வொரு சிலிண்டரிலும் பின்வாங்கிய டைமிங், இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் ரெயிலின் அழுத்தம் ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். பூஸ்ட் குறியைத் தாண்டிக் குதித்து உடனே அடங்கினால் அது டியூட்டி டேபிளின் தவறு, மேப்பில் திருத்தலாம். டியூட்டி பூஜ்யத்தில் இருக்கும்போதே, ஆர்.பி.எம் ஏற ஏறப் பூஸ்ட்டும் ஏறிக்கொண்டே போனால் அது வேறு நோய்: வேஸ்ட்கேட்டின் துளை வழியே போக வேண்டிய புகை முழுவதும் போக இடமில்லை என்று பொருள். டர்போவிலிருந்து புகை வெளியேறும் டவுன்பைப்பைப் பெரிதாகப் போட்ட கார்களில் இதைப் பார்க்கலாம். எந்தக் கன்ட்ரோலராலும் இது தீராது. டியூட்டி உச்சத்தில் இருந்தும் மேல் ஆர்.பி.எம்மில் பூஸ்ட் சரிந்தால், கசிவு எதுவும் இல்லாத பட்சத்தில், சிறிய டர்போவின் மூச்சு அவ்வளவுதான். அங்கே அதைத் துரத்தாமல் விட்டுவிடுவதே சரி.

தெருவில் ஓட்டும் காருக்கு நான் ஏற்கும் அளவுகோல், குதிப்பு 0.1 பாருக்குள் இருந்து அரை வினாடிக்குள் அடங்க வேண்டும், எந்தச் சிலிண்டரிலும் டைமிங் 3 டிகிரிக்கு மேல் பின்வாங்கக் கூடாது என்பது. மேப்பை 95 ஆக்டேனுக்கு எழுதினால் எப்போதும் 95 ஊற்ற வேண்டும். வெளியூரில் அது கிடைக்காத நாளுக்கென்று குறைந்த பூஸ்ட்டில் இரண்டாவது மேப் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்று பம்ப்புகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான காற்று எரிபொருள் விகிதம் 14.7இலிருந்து சுமார் 13.5க்கு இறங்கிவிடுகிறது, அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும் என்பதால், பழைய பெட்ரோலை மனத்தில் வைத்து எழுதிய மேப்பில் ரெயில் அழுத்தம் உச்ச ஆர்.பி.எம்மில் தொய்கிறதா என்று லாக்கில் பாருங்கள். தொய்ந்தால் அங்கே பூஸ்ட்டைக் குறைக்க வேண்டும். முதல் இரண்டு கியர்களில் டார்க்கைக் கட்டுப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். முன்சக்கர இழுவைக் காரில் மழைநாளின் ஈரச் சாலையில் அது உங்களைக் காக்கும், தொழிற்சாலையில் 250 நியூட்டன் மீட்டருக்காகக் கொடுக்கப்பட்ட கிளட்ச்சும் அதிக நாள் உழைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உற்பத்தியாளரின் விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் 182ஏ பிரிவில் அதற்கான தண்டனையும் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் ரீமேப்பைக் காரணம் காட்டலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பழைய அசல் மேப்பின் கோப்பு உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே டியூனரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். ஹோஸும் டைவர்ட்டர் வால்வும் மாற்றியபின் முதல் லாக்கை அசல் மேப்பிலேயே எடுங்கள். அதில் பூஸ்ட் குறியோடு ஒட்டி ஓடினால் கோளாறு ரீமேப்பில் இருக்கிறது, டியூனரிடம் திரும்பிப் போகலாம். அசல் மேப்பிலும் முள் குதித்தால் ஆக்சுவேட்டரையும் வேஸ்ட்கேட்டையும் கழற்றிப் பார்க்காமல் ரீமேப்பை மறுபடி ஏற்ற வேண்டாம்.