பேச்சு சரியாக வருகிறது, ஆனால் பேச்சு புரிகிறதா? வலது மூளையும் மொழியும்: கேள்வி பதில்

வலது மூளையில் ஸ்ட்ரோக் வந்தவர்களின் பேச்சு பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. நான் பேச்சு, மொழிப் பயிற்சி தருபவள். மருந்து மாத்திரை பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு வலது மூளையில் ஸ்ட்ரோக், இடது கை வரவில்லை. "மொழிப் பகுதி இடது பக்கம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார்கள். பேச்சும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எதைப் பேசினாலும் ஒரே குரல். அம்மா தழுதழுத்துப் பேசினாலும் கண்டுகொள்வதில்லை. "மனுஷன் கல்லாகிவிட்டார்" என்கிறார் அம்மா.

பதில்: தம்பி, பாசம் போய்விட்டது என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்.

உங்களிடம் சொன்னது பாதி சரி. பேசும் திறன் இடது பக்கத்தைச் சார்ந்தது என்று 1860களில் பிரான்சில் பால் புரோக்கா என்ற மருத்துவர் காட்டினார். பேச்சைப் புரிந்துகொள்வதற்கும் இடது பக்கத்திலேயே ஒரு பகுதி உண்டு என்று 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே எழுதினார். சொல், இலக்கணம் வரைக்கும் இது இன்றும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் "ஒன்றுமில்லை" என்று அம்மா சொல்லும்போது அதில் கோபமா, வருத்தமா, நிஜமாகவே ஒன்றுமில்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம்? குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து. அந்த வேலையில் மூளையின் வலது பாதிக்குப் பெரிய பங்கு உண்டு.

1979இல் எலியட் ராஸ், மார்செல் மெசுலம் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றி எழுதினார்கள். வலது மூளையில் ஸ்ட்ரோக் வந்த பிறகு அவரால் வகுப்பை அடக்க முடியவில்லை. கோபம் இருந்தது, குரலில்தான் வரவில்லை. கடைசியில், தான் கோபமாக இருப்பதையும் நிஜமாகத்தான் சொல்வதையும் வார்த்தையாகவே சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் அப்பாவின் நிலையும் இப்படி இருக்கலாம்.

வலது பக்கத்தின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் உணர்ச்சியைக் குரலில் காட்ட வராது, காதுக்கு மேலே உள்ள பக்கம் பாதிக்கப்பட்டால் பிறர் குரலில் இருப்பது பிடிபடாது என்று ராஸ் 1981இல் வகை பிரித்தார். நடைமுறையில் இது அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. அப்பாவுக்கு இரண்டுமே இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் முன்பெல்லாம் நன்றாக நகைச்சுவையாகப் பேசுவார். வலப்பக்க ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஜோக் சொன்னால் முழிக்கிறார். ஜாடையாக எதைச் சொன்னாலும் நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறார். இதுவும் அதனால்தானா?

பதில்: அதனால் இருக்க நல்ல வாய்ப்பு உண்டும்மா. 1983இல் ஹைரம் பிரவுனெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு ஜோக்கின் ஆரம்பத்தைக் கொடுத்து, சரியான முடிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வலது மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு, முடிவு எதிர்பாராததாக இருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் அது முன்கதையோடு பொருந்தவும் வேண்டும் என்பதில் தடுமாறினார்கள். அதனால் சம்பந்தமே இல்லாத, அதிர்ச்சியான முடிவுகளை எடுத்தார்கள். கேட்டதைத் திரும்பிப் பார்த்து வேறு விதமாகக் கோர்ப்பதுதான் அங்கே விட்டுப்போகிறது.

இதற்கு மார்க் பீமன் என்ற ஆய்வாளர் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். இடது பக்கம் ஒரு சொல்லின் நெருங்கிய பொருளை மட்டும் சட்டென்று பற்றிக்கொள்ளும். வலது பக்கம் தூரத்து உறவுகளையும் மங்கலாகத் தொட்டு வைத்திருக்கும். கால், அழுகை, கண்ணாடி: இம்மூன்றில் எதுவும் தனியாகக் காயத்தை நினைவூட்டாது. சேர்த்துக் கேட்டால் கண்ணாடி குத்திய கால் மனதில் வந்துவிடுகிறது அல்லவா? அந்தச் சேர்க்கைக்கு வலது பக்கம் உதவுகிறது என்பது அவர் கருத்து.

உவமை, மரபுத்தொடர் எல்லாமே வலது பக்க வேலை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பிற்கால ஸ்கேன் ஆய்வுகளில் பலவற்றில் இடது பக்கமும் வேலை செய்வது தெரிந்தது. "வயிற்றில் புளியைக் கரைத்தது" போலப் பழகிப்போன தொடர் உங்கள் கணவருக்குப் புரிந்துவிடலாம். புதிதாக நீங்கள் கட்டிச் சொல்லும் ஜாடைதான் அதிகம் சிரமம் தரும்.

கேள்வி: நான் "வலது மூளைக்காரன்", அதனால்தான் ஓவியம் வருகிறது என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இரண்டு பக்கமும் எப்போதும் சேர்ந்தே இயங்குகின்றன. ஆளை அப்படிப் பிரிக்க ஆதாரம் கிடையாது.

கேள்வி: இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மொழி வலது பக்கமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வலது கைக்காரர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கும் இடது கைக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கும் மொழிக்கு இடது பக்கமே முதன்மை.

கேள்வி: என் அம்மாவுக்கு இடது மூளையில் ஸ்ட்ரோக். "தண்ணீர்" என்று கேட்க வரவில்லை, ஆனால் சாமி பாட்டு வரி மாறாமல் வருகிறது. அப்புறம் ஏன் பேசமாட்டேன் என்கிறார்?

பதில்: பேசமாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை ஐயா, அவரால் முடியவில்லை. மனப்பாடமான பாட்டு, எண்ணிக்கை, திட்டு வார்த்தை இவையெல்லாம் யோசித்து வாக்கியம் அமைப்பதிலிருந்து வேறானவை. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் கவனித்து, இவற்றில் வலது பக்கத்துக்குப் பங்கு இருக்கலாம் என்றார். இதன் தொடர்ச்சியாக 1973இல் அமெரிக்காவில் ராகமும் தாளமும் கலந்த பயிற்சி முறை ஒன்று வந்தது. தேவையான சொல்லை இழுத்துப் பாடியபடி, இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லப் பழக்குவார்கள். சாமி பாட்டைப் பாட விடுங்கள், அவருக்கு அது ஆறுதல். ஆனால் பாடுவதால் மட்டும் பேச்சு வந்துவிடாது, முறையான பயிற்சி வேண்டும்.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டவன்தான். அப்பாவுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: நேராகப் பேசுங்கள். "குழம்பில் உப்பு இல்லை போலிருக்கே" என்று சுற்றி வளைக்காமல் "உப்பை எடுத்துக் கொடுங்கப்பா" என்று கேளுங்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காராமல் "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றே சொல்லட்டும். டிவியை அணைத்துவிட்டு, ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசுங்கள்.

பேப்பர் வாசிக்கும்போது கவனியுங்கள். "விமான நிலையம்" என்பதை வெறும் "நிலையம்" என்று வாசித்தால், இடது பக்கம் அவர் கவனத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். பக்கத்தின் இடது ஓரத்தில் தடிமனாக ஒரு சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோட்டைத் தேடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தனக்கு இந்தக் குறை இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வாக்குவாதம் வேண்டாம்.

இன்னொன்று. ஸ்ட்ரோக்கை மதிப்பிட உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலில் மொத்தம் 42 புள்ளிகள். அதில் மொழியோடு நேரடியாகத் தொடர்புள்ளவை 7, மேலே சொன்னதுபோல் ஒரு பக்கம் கவனத்துக்கு வராமல் போவதற்கு 2 மட்டுமே. வலது பக்கப் பாதிப்பு இதில் குறைவாகத் தெரிந்துவிடுகிறது என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். அதனால் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது "பேச்சு நன்றாக இருக்கிறது" என்று நிறுத்திவிடாதீர்கள். குரல் மாற்றம், ஜாடை புரியாதது, வாசிப்பில் விடுபடுவது மூன்றையும் எழுதிக் கொண்டுபோய், பேச்சு மொழிப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.