சானி பாஸ் ஷேர் வண்டி: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து என் நாத்தனார் டர்பனுக்கு வந்திருக்கிறார். சானி பாஸ் மலைக் கணவாயைப் பார்க்க ஆசைப்படுகிறார். சாட்ஸ்வர்த்தில் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு, இரவுக்குள் திரும்பக் கொண்டுவிடும் ஷேர் வேனில் மூன்று சீட்டுக்கு முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார்கள். கட்டலாமா? ஆள் சேரவில்லை என்று ரத்து செய்துவிட்டால் பணம் திரும்புமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். முதலில் நாத்தனாரின் பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்க விசா உள்ள பக்கத்தைப் பாருங்கள். சானி பாஸின் உச்சி, சுமார் 2,870 மீட்டர் உயரத்தில், லெசோத்தோ நாட்டுக்குள் இருக்கிறது. மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கினாலும், நாட்டை விட்டு வெளியேறி மறுபடி நுழைந்ததாகத்தான் கணக்கு. ஒரே முறை நுழைய மட்டும் கொடுத்த விசா என்றால், திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வார். லெசோத்தோவுக்குள் போக அவருக்குத் தனி விசா வேண்டுமா என்று அந்த நாட்டுத் தூதரகத்திலும் கேட்டுவிடுங்கள். சீட்டு விற்பவர் இதையெல்லாம் விசாரிக்கவில்லையே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். எல்லையில் திருப்பி அனுப்பினால், "பயணி சரியான தாள் கொண்டுவரவில்லை" என்று சொல்லிக் கைகழுவிவிடுவார்கள். உங்களுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். ஐடி கார்டு போதாது.

விசா சரி என்றால் அப்புறம் வண்டி. டர்பனிலிருந்தே வேன் எடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். மலையடிவார ஊரான அண்டர்பர்க் வரை சுமார் 200 கிலோமீட்டரும் தார் ரோடு, சின்ன கார் தாராளமாகப் போகும். அதற்கு மேல்தான் சிக்கல்: எல்லைச் சாவடியைத் தாண்டி மேலே ஏற ஃபோர்-பை-ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டிகளை மட்டுமே விடுகிறார்கள். அண்டர்பர்க், ஹைம்வில் ஊர்களிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் ஷேர் வண்டிகள் இருக்கின்றன. வீட்டில் கார் இருந்தால் அதுவரை ஓட்டிப் போய், மலைக்கு மட்டும் சீட்டு வாங்குங்கள். என் ஓட்டு அதற்குத்தான். எந்த சீட் என்றும் கேளுங்கள். சில வண்டிகளில் பின்னால் பக்கவாட்டு பெஞ்சு. கொண்டை ஊசி வளைவுகளில் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். வயதானவருக்கும் தலைசுற்றல் உள்ளவருக்கும் அது ஆகாது.

இனி பணம். "குறைந்தது இத்தனை பேர்" என்ற நிபந்தனை ஷேர் வண்டிகளில் சகஜம். ஆள் சேராவிட்டால் முழுப் பணமும் திரும்புமா, எத்தனை நாளில், பனி விழுந்து பாதையை மூடினால் என்ன என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். அவர்களே ரத்து செய்துவிட்டு "வேறு நாள் வாருங்கள்" என்றால் நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை, பணத்தையே கேளுங்கள். இருக்கும் இடத்துக்கு மேல் சீட்டு விற்று உங்களை இறக்கிவிட்டால், தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி வட்டியோடு திருப்பித் தர வேண்டும். நீங்களே ரத்து செய்தால் 17-ஆம் பிரிவுப்படி நியாயமான கட்டணம் பிடிக்கலாம். முழுவதையும் விழுங்க முடியாது. பயணிப்பவர் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்து போக முடியாமல் போனால் அந்தக் கட்டணமும் கிடையாது.

முழுப் பணத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் ஒரு பகுதியை மட்டும், அதுவும் கையில் கொடுக்காமல் பேங்க் வழியாகக் கட்டுங்கள். எல்லை தாண்டிப் பயணிகளை ஏற்றும் பர்மிட்டைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு வண்டி பாருங்கள்.