டாஃப் வேல் ரயில்வே: வழக்கில் ஜெயித்துப் பெயரெடுத்த கம்பெனி

பிரிட்டனின் பழைய தனியார் ரயில் கம்பெனிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் படிப்பதென்றால் எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய பெயர்களை விடுங்கள். என் ஓட்டு தெற்கு வேல்ஸின் டாஃப் வேல் ரயில்வேக்கு. மொத்தப் பாதையே சுமார் 200 கி.மீ.தான்.

மெர்த்தர் டிட்ஃபில் இரும்பாலைகளின் சரக்கு முதலில் கால்வாய்ப் படகில்தான் கார்டிஃப் துறைமுகத்துக்குப் போனது. 40 கி.மீ. தூரத்துக்குள் ஏறக்குறைய 50 இடங்களில் படகை நிறுத்தி, மதகை மூடி, நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். வெறுத்துப்போன ஆலை முதலாளிகள், ரயில் பாதை போட பிரபலப் பொறியாளர் ப்ரூனெலைப் பிடித்தார்கள். 1836இல் நாடாளுமன்ற அனுமதி, 1841இல் மெர்த்தர் வரை ரயில். வேகமாக ஓட தண்டவாளங்களுக்கு நடுவே கூடுதல் இடைவெளி வேண்டும் என்று அகலப் பாதைக்காக மல்லுக்கட்டிய அதே ப்ரூனெல், இங்கே சாதாரணப் பாதையே போதும் என்றுவிட்டார். இந்தப் பள்ளத்தாக்கு வளைவுகளில் எங்கே வேகம் எடுப்பது?

அப்புறம் பக்கத்து ரோண்டா பள்ளத்தாக்கின் நிலக்கரியால் கம்பெனி கொழித்தது. கார்டிஃபில் நெரிசல் தாங்காமல், சுரங்க முதலாளிகள் அருகிலுள்ள பாரி என்ற ஊரில் சொந்தத் துறைமுகமும் அதற்கென ஒரு ரயில் பாதையும் போட்டுக்கொண்டார்கள். 1889இல் அது திறந்ததும் டாஃப் வேலின் ஏகபோகம் போயிற்று. 1891இல் பொது மேலாளராக வந்த அமோன் பீஸ்லி செலவைக் குறைப்பதில் இறங்கினார். தொழிற்சங்கம் என்றாலே அவருக்கு ஆகாது.

1900 ஆகஸ்டில் மோதல் வெடித்தது. கூலி உயர்வு கேட்டு முன்னால் நின்ற ஒரு சிக்னல்மேனை வேறு ஊருக்குத் தூக்கியடித்தார்கள். உடனே வேலைநிறுத்தம். பீஸ்லி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். வேலைநிறுத்தம் செய்தவர்களோ சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கட்டும் என்று தண்டவாளத்தில் மசகு பூசினார்கள், பெட்டிகளின் கொக்கியைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் சமரசமாகிவிட்டது.

பீஸ்லி விடவில்லை. ரயில் தொழிலாளர் சங்கத்தின் மீதே நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். சங்கத்தின் பொது நிதியில் யாரும் கைவைக்க முடியாது என்றுதான் அதுவரை எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1901இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 23,000 பவுண்ட், வழக்குச் செலவோடு சேர்த்து 42,000.

இனி வேலைநிறுத்தம் செய்தால் கஜானா காலி என்று சங்கங்கள் மிரண்டன. நாடாளுமன்றத்தில் நமக்கென்று ஆள் வேண்டும் என்று, அப்போதுதான் தொடங்கியிருந்த தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவில் திரண்டு சேர்ந்தன. 1906 தேர்தலில் அந்தக் குழு 29 இடங்களைப் பிடித்து லேபர் கட்சி ஆனது. அதே ஆண்டு வந்த புதிய சட்டம் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. லேபர் கட்சியை வளர்த்ததில் பீஸ்லிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் பாதி வேடிக்கையாகத்தான் சொல்கிறேன்!

கம்பெனியை 1922இல் கிரேட் வெஸ்டர்ன் விழுங்கியது. மெர்த்தர் ரயில் இன்றும் ஓடுகிறது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1920இல் சென்னையின் பின்னி துணி ஆலைத் தகராறில் வாடியா உள்ளிட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர்கள் மீது நிர்வாகம் இதே பாணியில் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கங்களை இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து காக்கும் 18ஆம் பிரிவு, 1926 தொழிற்சங்கச் சட்டத்தில்தான் வந்தது.