துபாய்க்கு ஐந்து நாள் போகிறோம். உயரக் கட்டடமும் மாலும் தவிர, அரபு மரபு என்று பார்க்க அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எல்லாரும் தொடங்குகிற இடத்தில் தொடங்கினால் கண்ணில் படாது.

2024 மார்ச்சில், நோன்பு மாதத்தில் போனேன். கராமாவில் சித்தப்பா மகன் வீட்டில் தங்கல். முதல் நாளே துபாய் மாலுக்குக் கூட்டிப் போனான். மீன் தொட்டி பார்த்தோம், பனிச்சறுக்குத் தளம் பார்த்தோம், நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம். மெட்ரோவில் திரும்பும்போது பெண்கள் பெட்டியில் ஏறி நின்றுவிட்டேன். ஒரு பாட்டி தரையில் இருந்த இளஞ்சிவப்புக் கோட்டைக் காட்டிச் சிரித்தார். பிடிபட்டிருந்தால் 100 திர்ஹாம் அபராதம்.

மறுநாள் தனியாகக் க்ரீக் பக்கம் போனேன். ஊருக்குள் புகுந்து வளைந்து போகும் உப்பங்கழி அது. ஒரு கரையில் டேரா, எதிர்க்கரையில் பர் துபாய். நடுவில் 'அப்ரா' என்கிற படகு. கட்டணம் 1 திர்ஹாம், படகோட்டி கையில் சில்லறையாகக் கொடுக்க வேண்டும். துபாயில் நான் செலவழித்த காசிலேயே உருப்படியானது அதுதான். டேரா கரையில் 'உரு' என்கிற மரக் கப்பல்கள் மூட்டையும் ஃபிரிட்ஜும் டயருமாக ஏற்றிக்கொண்டு இன்னமும் நிற்கின்றன.

இந்த ஊர் பிழைத்ததே இந்தக் கழியால்தான். முத்துக்குளித்துச் சம்பாதித்த ஊர். ஜப்பான்காரர்களின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து 1930களில் அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டன. அப்புறம் மணல் மூடிய கழியைத் தூர்வாரி ஆழப்படுத்திக் கப்பல்களை வரவழைத்தார்கள். எண்ணெய் கிடைத்தது 1966-இல்தான், அதற்கு முன்பே வணிகம் சூடு பிடித்திருந்தது. அந்த ஆண்டு வரை இங்கே புழங்கியதும் ரூபாய்தான். கடைசிச் சில வருடங்கள் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சடித்துக் கொடுத்தது.

பர் துபாய் கரையில் அல் ஃபஹிதி என்று ஒரு பழைய குடியிருப்பு. ஈரானின் பஸ்தக் பக்கத்திலிருந்து வந்த வணிகர்கள் பவழக் கல்லும் சுண்ணமுமாகக் கட்டிய வீடுகள். ஒரு பகுதியை 1980களில் இடித்துவிட்டார்கள். மிஞ்சியதற்கே அரை நாள் வேண்டும். வீட்டுக்கு வீடு காற்றுக் கோபுரம், 'பர்ஜீல்' என்கிறார்கள். நாலு பக்கமும் திறந்த சதுரக் கோபுரத்துக்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்குச் சுவர். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஒரு பக்கம் பிடித்து அறைக்குள் தள்ளும், சூடு மறுபக்கம் வழியாக மேலே போய்விடும். சும்மா கதை என்று நினைத்துத்தான் அடியில் போய் நின்றேன். தலைமுடி அசைந்தது.

அங்கேயே ஷேக் முகமது பெயரில் ஒரு கலாச்சார மையம் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போனால் அந்த நாட்டுக்காரர்களான எமிராத்திகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நான் இஃப்தாருக்குப் போனேன். பேரீச்சம்பழம், அப்புறம் பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் 'கஹ்வா'. ஃபில்டர் காபி நினைப்போடு குடித்தால் ஏலக்காய்க் கஷாயம், சர்க்கரையே கிடையாது. கிண்ணம் காலியானால் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாவது கிண்ணத்தில்தான் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டுமாம்.

புர்ஜ் கலிஃபா பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். 828 மீட்டர், 124-ஆம் மாடிக்கு நானும் ஏறினேன், கண்ணாடிக்கு வெளியே புழுதி மூட்டம். எனக்குப் பிடித்தது அதைப் பற்றிய ஒரு விதி. மேலே போகப் போகச் சூரியன் கூடுதல் நேரம் தெரியும் அல்லவா? அதனால் 80 மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடம் தாமதமாக நோன்பு திறக்க வேண்டும், 150-க்கு மேல் 3 நிமிடம். நீங்கள் கேட்ட மரபு இங்கேயும் இருக்கிறது, ஆனால் ஃபோட்டோவில் விழாது.

பாலைவன சஃபாரி போகலாம், மணல்மேட்டுக்காக. 'பாரம்பரிய அரபு இரவு' என்று விற்பதை மட்டும் நம்பாதீர்கள். நோன்பு மாதம் என்பதால் பெல்லி டான்ஸ் இல்லை என்று கூட வந்த ஒருவர் வழியெல்லாம் புலம்பினார். அது எகிப்துப் பக்கத்துச் சமாச்சாரம். இவர்களுடைய ஆட்டம் அய்யாலா: ஆண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, மெல்லிய மூங்கில் கம்பை ஈட்டி மாதிரிப் பிடித்து, பறையடிக்கு ஏற்றபடி அசைவார்கள். யுனெஸ்கோ 2014-இல் பட்டியலில் சேர்த்தது.

சரி, ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்டியில் கசகசா இருக்கவே கூடாது, அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். மகனுக்கென்று சித்தி கொடுத்தனுப்பிய குருமாப் பொடியில் அது அரைத்துச் சேர்த்திருந்தது. கிளம்புகிற அன்று காலையில் அக்கா முகர்ந்து பார்த்துக் கேட்டதால் தப்பித்தேன்.