கன்வேயரை ஸ்டீல் ஜாயிஸ்டில் தொங்கவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சிறிய விமான நிலைய முனையம் ஒன்றின் விரிவாக்கத்தில் வேலை செய்கிறேன். செக்-இன் கூடத்தின் கூரைக்கு 60 அடி ஸ்பானில், 6 அடிக்கு ஒன்றாக ஸ்டீல் ஜாயிஸ்ட் (மேலும் கீழும் நீள எஃகுப் பட்டையும் நடுவில் குறுக்குக் கம்பிகளும் கொண்ட இலகுவான உத்தரம்) வருகிறது. பயணிகளின் பெட்டிகள் போகும் கன்வேயரை அதிலேயே தொங்கவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் ஜாயிஸ்ட் ஆர்டர் போகும் முன்பே அந்தப் பாரம் வரைபடத்தில் இருக்க வேண்டும். முனையக் கட்டடங்களில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கூரையின் நிலைப்பாரம் (கூரையின் சொந்த எடை) சதுர அடிக்கு 20 பவுண்டு, ஏற்றப்பாரம் (வந்து போகும் பாரம்) 20 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாயிஸ்டுக்கு அடிக்கு 240 பவுண்டு வரும். ‘32 எல்ஹெச் 240/120’ (32 அங்குல உயரம், எல்ஹெச் என்ற நீள் ஸ்பான் வரிசை, அடிக்கு மொத்தப் பாரம் 240, அதில் ஏற்றப்பாரம் 120) என்று எழுதி அனுப்பினால், ஆலையில் நீளம் முழுக்கச் சீராகப் பரவிய பாரத்துக்குத்தான் கணக்குப் போடுவார்கள். கன்வேயரோ அதைத் தொங்கவிடும் சில கம்பிகளில் மொத்தப் பாரத்தையும் இறக்கும். எனவே ஒவ்வொரு தொங்கு கம்பியின் இடத்தையும் பாரத்தையும் ஜாயிஸ்டின் முனையிலிருந்து தூரம் போட்டுக் குறித்துக் கொடுங்கள்.

தொங்கு கம்பி பேனல் பாயிண்டில், அதாவது ஜாயிஸ்டின் குறுக்குக் கம்பிகள் கார்டை (மேல் அல்லது கீழ் நீளப் பட்டையை) சந்திக்கும் இடத்தில் இறங்க வேண்டும். இரண்டு பாயிண்டுகளுக்கு நடுவில் இறங்கினால், இழுவிசைக்காகச் செய்த பாட்டம் கார்டு (கீழ்ப் பட்டை) வளையத் தொடங்கும். ஒரு பேனலுக்குள் (இரண்டு பாயிண்டுகளுக்கு இடையே) மொத்தம் 100 பவுண்டு வரை பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால், கம்பி இறங்கும் இடத்திலிருந்து எதிர்க் கார்டின் பேனல் பாயிண்டுக்குத் தனி ஆங்கிள் (எல் வடிவ எஃகுப் பட்டை) ஒன்றை வெல்டிங் செய்ய வேண்டும். கிளாம்பை ஒரு ஆங்கிளின் ஓரத்தில் மட்டும் கவ்வவிடாதீர்கள், கார்டு முறுக்கிக்கொள்ளும். கார்டின் இரண்டு ஆங்கிள்களுக்கு இடையே உள்ள சந்தில் கம்பியை நுழைத்து, மேலே தகட்டு வாஷர் போட்டு நட்டை முடுக்குங்கள்.

ஒவ்வொரு ஜாயிஸ்டின் ஒரு முனையிலும் அடையாளச் சீட்டு கட்டியிருக்கும். அந்த முனை வரைபடத்தில் காட்டிய பக்கத்திலேயே வர வேண்டும். கிரேனில் தூக்கும்போது திருப்பிப் போட்டுவிட்டால், வலுவாக்கிய பேனல் எதிர்முனைக்குப் போய்விடும். ஏசி குழாய்க்கான இடைவெளிகளும் பக்கத்து ஜாயிஸ்டோடு நேர்கோட்டில் வராது. குழாய் நுழையவில்லை என்று குறுக்குக் கம்பி ஒன்றை அறுத்தால் அந்த ஜாயிஸ்டே போச்சு.

ஜாயிஸ்டை ஏற்றி நிறுத்தும்போது கவனம் தேவை. இந்த 60 அடி ஸ்பானில், நடுப்பகுதியில் போல்ட் போட்ட குறுக்கு பிரிட்ஜிங்கை (பக்கத்து ஜாயிஸ்டுகளை இணைக்கும் சாய்வுத் தாங்கியை) மாட்டி நங்கூரமிடும் வரை கிரேன் கயிற்றைத் தளர்த்தக் கூடாது. மீதி பிரிட்ஜிங் முடியும் வரை அந்த ஜாயிஸ்டில் ஒருவருக்கு மேல் ஏறக் கூடாது. டெக் (கூரைத் தகடு) கட்டுகளையும் அவசரப்பட்டு ஏற்றிவிடாதீர்கள். பிரிட்ஜிங் இல்லாத டாப் கார்டு (மேல் பட்டை) பக்கவாட்டில் மடங்கிவிடும்.

ஜாயிஸ்டின் முனை பீமின் மேல் உட்காரும் இருக்கையின் உயரத்தையும் பாருங்கள்: எல்ஹெச்சுக்குப் பொதுவாக 5 அங்குலம், சிறிய ஸ்பானுக்கான கே வரிசைக்கு 2½ அங்குலம். பக்கத்துத் தாழ்வாரத்தில் கே வரிசை வந்தால், தாங்கும் பீமின் மட்டத்தை இப்போதே திருத்துங்கள். இல்லாவிட்டால் டெக்கில் படி விழும்.

ஜாயிஸ்ட் ஏற்கெனவே வந்திறங்கியிருந்தால், தொங்கு கம்பிகளின் இடத்தையும் பாரத்தையும் ஆலைக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகே முதல் கம்பியை மாட்டுங்கள்.