பழங்குடிப் பிள்ளைகளின் மரபைப் பள்ளியின் அன்றாடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

கோத்தகிரிப் பக்கம் தொடக்கப் பள்ளி, இருளர், குறும்பர், கோத்தர் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆண்டு விழா ஆட்டத்தைத் தாண்டி என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆட்டத்திலேயே நிறையத் தப்பு நடக்கிறது. கோத்தர் இசையில் தெய்வத்துக்கு வேறு, ஆட்டத்துக்கு வேறு, சாவுக்கு வேறு. கைப்பேசியில் கேட்க நன்றாக இருந்தது என்று எதையோ மேடையில் போட்டால் பெற்றோர் முகம் சுருங்கும், காரணமும் சொல்ல மாட்டார்கள். ஊர்ப் பெரியவரைக் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். வேலை நாளில் அவரைப் பள்ளிக்கு அழைத்தால் அன்றைய தேயிலைத் தோட்டக் கூலி போகும். பொன்னாடை அதற்கு ஈடாகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி அந்தக் கூலியைக் கொடுங்கள்.

அடுத்தது பேச்சு. காலையில் 10 நிமிடம் போதும். அன்றைய பாடத்தில் வரும் ஐந்து சொற்களுக்குப் பிள்ளைகள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். எழுதும் முன் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். இருள மொழியில் தமிழ் எழுத்துக்குள் அடங்காத உயிரொலிகள் உண்டு. நீங்கள் எழுதியதை நீங்களே மறுநாள் தப்பாகப் படிப்பீர்கள், வகுப்பு சிரிக்கும், அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது. தமிழைக் குறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவே சொல்கிறது. அது 1956இல் சேர்ந்தது.

(இந்தப் பிள்ளைகளின் மரபைக் கொண்டாடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புகிறோம். அதே பிள்ளை சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்கிறது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. சரி, அது வேறு கதை.)

எனக்குக் கேட்டால், எல்லாவற்றிலும் உருப்படியானது ஒரு தானியப் பாத்தி. ராகியைத்தான் எல்லோரும் போடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. ஜூன் நடுவில் விதைத்த ராகிக்கு 100 முதல் 120 நாள் வேண்டும். கதிர் முற்றும் நேரம் காலாண்டு விடுமுறை. பூட்டிய பள்ளியில் குருவிக்கும் பன்றிக்கும் விருந்து. சாமை 90 நாளில் வந்துவிடும், செப்டம்பர் நடுவில் அறுக்கலாம்.

10 அடிக்கு 10 அடிப் பாத்திக்கு 10 கிராம் விதை. கடையில் வாங்காமல் ஊரில் கேட்டு வாங்குங்கள், அறுத்த பின் திருப்பிக் கொடுங்கள். விதை பொடி, அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டும். இரண்டு கை காய்ந்த மணலோடு கலந்து, வரிசைக்கு வரிசை ஒரு சாண் விட்டு, மேலாக விதைத்து லேசாக மண் மூடுங்கள். ஆழம் போனால் முளைக்காது. மூன்றாம் வாரம் செடிக்குச் செடி அரைச் சாண் இருக்கும்படி நெருக்கமானவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். ஓரத்தில் அவரையும் கீரையும் போடலாம், மலைக் காட்டில் கலந்துதானே விதைப்பார்கள். சாண் கணக்கும் விதைக் கணக்கும் மூன்றாம் வகுப்புக்குப் பாடம்.

ஒரு கிலோ தேறினாலே அதிகம். புதுத் தானியத்தைச் சாமிக்குப் படைத்த பிறகே தொடுவது ஊர் வழக்கமானால், அதுவரை காத்திருங்கள். பாட்டிகளை உரலோடு வரச் சொல்லுங்கள். நன்றாகக் காயாததைக் குத்தினால் உமி பிரியாது, அரிசி நொறுங்கும். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், ஆளுக்கு ஒரு கவளம் வரும்.